கல்லுக்குள் தேரை: தவளைக் குலத்தின் மூன்று சாட்சிகள்

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் ஒருவன் உண்டு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் தேரை உயிரோடிருப்பது. தொல்லுயிரியலாளர்கள் தேடும் தேரையோ பல கோடி ஆண்டுகளுக்கு முன் இறந்து, தானே கல்லாகிப்போனது. அப்படிப்பட்ட கற்கள் உலகில் மிகச் சில இடங்களில்தான் கிடைத்திருக்கின்றன. கைவிரல் அளவுள்ள அந்த எலும்புக்கூடுகளை வைத்துத்தான், இன்று உலகில் வாழும் 7,500க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் எங்கிருந்து வந்தன, யாருக்கு யார் உறவு என்று சுமார் 180 ஆண்டுகளாக விவாதம் நடந்துவருகிறது.

இந்த விவாதத்தை வட தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கோடை முடிந்து முதல் பெருமழை பெய்த இரவில், சாமை விதைக்கக் காத்திருக்கும் கொல்லையின் ஓரத்தில் ஒரு குட்டை நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் சமவெளியிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் பரவலாக உள்ள தவளைகள் அங்கே கூடும். முதுகெல்லாம் முண்டு முண்டான சொறித்தவளை வரும். மழைக்காலத்தில் மஞ்சள் நிறம் பூண்டு கத்தும் பெருந்தவளை வரும். கட்டைவிரல் நகத்தளவே இருந்துகொண்டு காதடைக்கக் கத்தும் சிறுவாய்த் தவளை வரும். நீருக்கு மேலே செடியில் நுரைக்கூடு கட்டும் மரத்தவளையும் வரும். பார்ப்பவருக்கு எல்லாம் தவளைதான். மரபணு ஆய்வு சொல்வது வேறு: டைனோசர்களை அழித்த பேரழிவிலிருந்து மீண்டு பெருகிய மூன்று பெருங்குலங்களின் வாரிசுகள் அந்த ஒரே குட்டையில் கூடியிருக்கிறார்கள்.

இது எப்படித் தெரிந்தது என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தவளைக் குலத்தின் வரலாற்றுக்கு எலும்பு, மரபணு, தலைப்பிரட்டை என மூன்று சாட்சிகள் உண்டு. முதல் இரண்டின் குரல் எங்கும் கேட்கிறது. மூன்றாவது சாட்சிக்கு நாம் இன்னும் சரியாகக் காது கொடுக்கவில்லை என்பது என் துணிபு.

ஜவ்வாதின் பாறையில் ஏன் இல்லை

ஜவ்வாது மலையின் பாறையில் தவளைத் தொல்லுயிரெச்சம் கிடைக்காது. இந்த மலையின் உடல் சார்னோகைட்டும் நைஸ் பாறையும். சார்னோகைட் என்ற பெயரே சென்னைப் பரங்கிமலைப் பாறையோடு பிணைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கொல்கத்தாக் கல்லறைக் கல் இவ்வகைப் பாறை என்பதால், தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893இல் சார்னாக்கின் பெயரையே இதற்கு வைத்தார். வட தமிழ்நாட்டின் இப்பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை. பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. எலும்புள்ள எந்த உயிரும் தோன்றுவதற்கு மிக முன்பே இறுகிப்போன கல்லில் தவளையைத் தேட முடியாது.

எலும்பு கல்லாக வேண்டுமானால் சேறு வேண்டும்: அமைதியான ஏரி, ஆற்றுப் படுகை, சாம்பல் படிந்த குளம். தவளையின் எலும்பு மெல்லியது. இறந்த சில நாட்களிலேயே சிதறிவிடும். உயிர்வளி குறைந்த அடிச்சேற்றில் உடனே மூடப்பட்டால் மட்டுமே முழு உருவம் மிஞ்சும். தலைப்பிரட்டைக்கு இன்னும் கடினம். அதன் உடலில் பெரும்பகுதி குருத்தெலும்பும் மென்தசையுமே. கல்லில் அது பெரும்பாலும் ஒரு கறுத்த நிழலாக, இரண்டு கண்புள்ளிகளோடு பதிகிறது.

முதல் சாட்சி: எலும்பு

தவளையின் எலும்புக்கூட்டைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு விசித்திரம் என்று தெரியும். முதுகெலும்பு மிகக் குட்டை. பெரும்பாலான இனங்களில் இடுப்புக்கு முன்னால் எட்டோ ஒன்பதோ முள்ளெலும்புகள்தான். வால் எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தண்டாகிவிட்டன. இடுப்பெலும்பு முன்னோக்கி நீண்ட கத்தி போல இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே இரட்டை எலும்புகள் இணைந்து ஒன்றாகியுள்ளன. எல்லாம் தாவுவதற்கான அமைப்பு. ஆகவே, தவளை எப்போது தவளையாயிற்று என்ற கேள்வி, இந்த அமைப்பு எந்த வரிசையில் கூடியது என்ற கேள்வியாகிறது.

இதற்கான மிகப் பழைய விடை மடகாஸ்கரின் வடபகுதியில் கிடைத்தது. உருண்டைக் கல் ஒன்று பிளந்தபோது, உள்ளே எலும்பு கரைந்துபோய், அதன் அச்சு மட்டும் வார்ப்பு போல இருந்தது. கல்லுக்குள் தேரை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி இல்லை. பிரெஞ்சு ஆய்வாளர் ழான் பிவத்தோ 1936இல் இதை விவரித்தார். இன்று இதன் பெயர் ட்ரையடோபட்ராகஸ். சுமார் 25 கோடி ஆண்டுப் பழமை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே பெருங்கண்டத்தின் பகுதிகளாக இருந்த காலம். இதன் தலை தவளைத் தலைதான். ஆனால் இடுப்புக்கு முன்னால் 14 முள்ளெலும்புகள் உள்ளன. குட்டையான வாலும் இருந்தது. கை, கால் எலும்புகள் இன்னும் இணையவில்லை. இது தாவியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. போலந்தில் இதே காலத்துப் பாறையில் கிடைத்து 1998இல் பெயரிடப்பட்ட சாட்கோபட்ராகஸ், இந்தக் குலம் அப்போதே உலகில் பரவியிருந்தது என்று காட்டுகிறது.

அடுத்த படி அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கிறது. ஷூபினும் ஜென்கின்ஸும் 1995இல் விவரித்த ப்ரோசாலிரஸ் சுமார் 19 கோடி ஆண்டுப் பழமையானது. முன்னோக்கித் தாவுதல் என்பதே அதன் பெயரின் பொருள். நீண்ட பின்கால், நீண்ட இடுப்பெலும்பு, வாலுக்குப் பதிலாக ஒற்றைத் தண்டு ஆகிய மூன்றும் அதில் வந்துவிட்டன. இந்த இரண்டு கற்களுக்கும் இடைப்பட்ட சுமார் 6 கோடி ஆண்டுகளில்தான் தவளையின் உடல் உருவாயிற்று.

எலும்புச் சாட்சியின் வலிமை அது காலத்தைச் சொல்வது. அதன் பலவீனத்தை மும்பையில் பார்க்கலாம்.

மும்பைக் கல்லும் வஸ்தான் நிலக்கரியும்

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அலையலையாகப் பெருகியது. ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே நீண்ட அமைதிக் காலங்கள் இருந்தன. அப்போது உறைந்த கருங்கல்லின் மேல் குளங்கள் தோன்றின; அவற்றில் தவளைகள் வாழ்ந்தன. பின்னர் மறுபடி குழம்பு வந்து எல்லாவற்றையும் மூடியது. இரு எரிமலைப் பாறை அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய இந்தச் சேற்றுப் படிவுகளில் ஒன்று மும்பையின் வொர்லிக் குன்றுப் பகுதியில் உள்ளது.

அங்கிருந்து லண்டன் சென்ற சிறு தவளை எச்சங்களை ரிச்சர்ட் ஓவன் 1847இல் ஆராய்ந்து, இன்றைய சாதாரணத் தவளைகளின் பேரினத்திலேயே சேர்த்து ராணா புசில்லா என்று பெயரிட்டார். டைனோசர் என்ற சொல்லைத் தந்தவரும் இவரே. எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1930இல், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜி.கே. நோபிள் அதே இனத்தின் எலும்புகளைப் பார்த்து, இது ராணா அன்று, தனிப் பேரினம் என்று முடிவு செய்து இந்தோபட்ராகஸ் என்று பெயர் மாற்றினார். அதற்கு அவர் கண்ட உறவினர்கள் ஆஸ்திரேலியத் தவளைகள். எலும்புகள் மாறவில்லை, பார்த்தவரின் கண்ணுக்கேற்ப உறவு மாறியது. தவளைகளின் உடல் வெவ்வேறு குலங்களில் திரும்பத் திரும்ப ஒரே வடிவத்தை எட்டுவதால், எலும்பை மட்டும் வைத்துச் சொந்தம் சொல்வதில் இந்தச் சறுக்கல் எப்போதும் உண்டு.

முழு எலும்புக்கூடு கிடைப்பது அரிது. ஆகவே இன்று மண்ணை மூட்டை மூட்டையாக எடுத்து, நீரில் கரைத்து, நுண்சல்லடையில் அலசி, எஞ்சிய துணுக்குகளை நுண்நோக்கியில் பொறுக்கி எடுக்கிறார்கள். தவளைக்கு இதில் முக்கியமான எலும்பு இடுப்பெலும்பு; அதன் வளைவும் முகடும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். தெலங்கானாவின் நஸ்கல் என்ற இடத்தின் இடைப்படிவுகளிலிருந்து ஜி.வி.ஆர். பிரசாத்தும் பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-க்ளோத் ராஜும் 1991 முதல் தவளை எச்சங்களை விவரித்தது இப்படிப்பட்ட பொறுமையால்தான்.

இந்தியத் தவளைகளின் கதையில் திருப்பம் தந்தது குஜராத்தின் சூரத் மாவட்டத்திலுள்ள வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். அதன் படிவுகள் சுமார் 5.4 கோடி ஆண்டுப் பழமையானவை. இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவை நெருங்கி முட்டிய காலம். 2013இல் அன்னலிஸ் ஃபோலியும் இந்திய, பெல்ஜிய, அமெரிக்க ஆய்வாளர்களும் அங்கிருந்து இரண்டு புதிய தவளைகளை விவரித்தார்கள். ஒன்று இந்தோரானா பிரசாதி: ராணா வகைப் பெருங்குலத்தைச் சேர்ந்தது. மற்றொன்று இயோபார்போருலா டெல்ஃபினோய்: இன்று பிலிப்பைன்ஸிலும் போர்னியோவிலும் மட்டுமே வாழும் பார்போருலா தவளைகளின் உறவு. இந்தியாவில் இன்று அந்த உறவில் யாருமே இல்லை. அந்தக் குலம் ஒரு காலத்தில் இங்கே இருந்தது என்பதை எந்த மரபணுவும் சொல்லியிருக்க முடியாது, கல்தான் சொன்னது.

இரண்டாம் சாட்சி: மரபணு

2003 அக்டோபரில், எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தின் ஃப்ராங்கி போஸ்யுவும் கேரளத்தின் இடுக்கியிலிருந்து ஒரு புதிய தவளைக் குடும்பத்தை அறிவித்தார்கள். உப்பிய உடல், கூர்மூக்கு, ஊதா நிறம். ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள் வாழ்ந்து, மழைக்கு முன் சில நாட்கள் மட்டும் வெளியே வரும் நாசிகாபட்ராகஸ். அதன் மரபணு காட்டிய நெருங்கிய உறவினர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் செய்செல்ஸ் தீவுகளில் இருக்கும் சிறு தவளைகள். இரண்டும் பிரிந்தது டைனோசர் காலத்தில். தவளை கடலை நீந்திக் கடக்காது. அவை நின்ற நிலம்தான் பிரிந்தது. இந்தியாவும் செய்செல்ஸும் ஒரே நிலமாக இருந்ததற்கு இந்தத் தவளை உயிருள்ள அத்தாட்சி.

இதே குலத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தவளை உண்டு. திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்திலிருந்து ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் முதலானோர் 2017இல் விவரித்த நாசிகாபட்ராகஸ் பூபதி. கோவை சலீம் அலி மையத்தில் பணியாற்றி, களப்பணியில் 2014இல் உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் சு. பூபதியின் பெயர் அதற்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவிலுள்ள உறவு தென்மேற்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்ய, கிழக்குச் சரிவிலுள்ள இது வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது.

மரபணுச் சாட்சி வரிசையை நன்றாகச் சொல்லும். ஆண்டைத் தானாகச் சொல்லாது. ஜவ்வாதின் அடிவாரத்துச் செங்கம் வட்டார நடுகற்களை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். வீரன் விழுந்தது இன்ன மன்னனின் இத்தனையாவது ஆட்சியாண்டில் என்று கல் சொல்லும். எது முன், எது பின் என்று அதிலிருந்து அடுக்கலாம். ஆனால் அது கிறித்து ஆண்டில் எப்போது என்று அறிய, வேறெங்காவது உறுதியான ஒரு காலப்புள்ளி வேண்டும். மரபணு வேறுபாடு ஆட்சியாண்டு போன்றது. தொல்லுயிரெச்சம் அந்தக் காலப்புள்ளி. வொர்லி, வஸ்தான், மடகாஸ்கர் போன்ற இடங்களின் எச்சங்கள் இல்லையென்றால் மரபணுக் கடிகாரத்துக்கு எண்களே இருக்காது.

இப்படி எண்களைப் பொருத்திய பெரிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் 156 தவளை இனங்களின் 95 மரபணுக்களை ஒப்பிட்டார்கள். இன்று வாழும் தவளைகளில் சுமார் 88 விழுக்காடு மூன்றே கிளைகளைச் சேர்ந்தவை என்றும், அம்மூன்றும் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவை ஒட்டியே ஒரே சமயத்தில் கிளைத்துப் பெருகின என்றும் அவர்கள் கண்டார்கள். காடுகள் அழிந்து மீண்டும் தழைத்தபோது, காலியான இடங்களைத் தவளைகள் நிரப்பின. அம்மூன்றில் ஒன்றில் நம் சொறித்தவளை இருக்கிறது. இன்னொன்றில் சிறுவாய்த் தவளை. மூன்றாவதில் பெருந்தவளையும் மரத்தவளையும். ஜவ்வாதுக் குட்டையில் கூடியிருப்பவர்கள் இவர்கள்தான். தக்காணக் குழம்பு ஓடிய அதே காலத்தின் வாரிசுகள்.

மூன்றாம் சாட்சி: தலைப்பிரட்டை

அதே குட்டைக்குச் சில நாட்கள் கழித்துப் போய்க் குனிந்து பார்த்தால், பெற்றோரைவிடப் பிள்ளைகளிடம் வேறுபாடு பளிச்சென்று தெரியும். சொறித்தவளையின் தலைப்பிரட்டைகள் கறுத்த சிறு கூட்டமாக அடியில் மேயும். பெருந்தவளையின் தலைப்பிரட்டை பிற தலைப்பிரட்டைகளையே பிடித்துத் தின்னும். இவை எல்லாவற்றுக்கும் வாயில் கொம்புப்பொருளாலான அலகும் வரிசைப் பற்களும் உண்டு. செவுள் நீர் வெளியேறும் துளை உடலின் இடப்பக்கம் ஒன்றே ஒன்று. சிறுவாய்த் தவளையின் பிள்ளையோ கண்ணாடி போல நீரின் நடுவே அசையாமல் தொங்கும். அலகு இல்லை, பல் இல்லை. நீரை உறிஞ்சி நுண்ணுயிரை வடிகட்டித் தின்னும். அதன் துளை வயிற்றின் நடுக்கோட்டில் இருக்கும்.

இந்த வேறுபாடுகளைக் கொண்டு, கிரேஸ் ஆர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1950களில் உலகத் தலைப்பிரட்டைகளை நான்கு வகையாகப் பிரித்தார். துளை இரண்டு, அலகு இல்லை என்பது முதல் வகை. நடுத்துளை, அலகு இல்லை என்பது இரண்டாவது. நடுத்துளை, அலகு உண்டு என்பது மூன்றாவது. இடத்துளை, அலகு உண்டு என்பது நான்காவது. நான்கில் இரண்டை ஜவ்வாதுக் குட்டையிலேயே பார்த்துவிடலாம். ஆர்ட்டனின் வகைப்பாடு பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. அலகில்லாத எளிய வடிவம்தான் ஆதியா, அல்லது இருந்த அலகு பிற்பாடு மறைந்ததா? எளியதே பழையது என்று எண்ணத் தோன்றும். ஓட்டோ சோகோல் 1975இல் இதை மறுத்தார். அலெக்சாண்டர் ஹாஸ் 2003இல் தலைப்பிரட்டைகளின் உடற்கூற்றை முதன்மையாகக் கொண்டு தவளைகளின் உறவுமரத்தை வரைந்தார். மரபணுவும் சேர்ந்து இன்று தரும் விடை தெளிவானது: முதலில் பிரிந்த கிளைகளில் அலகு உண்டு, அலகின்மை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குலங்களில் தனித்தனியே வந்தது. சிறுவாய்த் தவளையின் கண்ணாடிக் குஞ்சு பழமையின் எச்சம் அன்று. புதிய வாழ்க்கை முறைக்குப் பிற்காலத்தில் வந்த தகவமைப்பு.

சரி, தலைப்பிரட்டைப் பருவம் எவ்வளவு பழையது? ட்ரையடோபட்ராகஸின் குஞ்சு எவருக்கும் கிடைக்கவில்லை. நெடுங்காலம் மிகப் பழைய தலைப்பிரட்டை என அறியப்பட்டது ஷொம்ரொனெல்லா. மேற்கு ஆசியாவில், டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியத்தின் தொடக்ககாலப் படிவில் நூற்றுக்கணக்கில் கிடைத்து, 1978இல் விவரிக்கப்பட்டது. ஐரோப்பாவில் செக் ஆய்வாளர் ஸ்பினார், மறைந்துபோன பாலியோபட்ராகஸ் குலத்தின் வளர்ச்சிப் படிகளைக் குஞ்சு முதல் தவளை வரை கல்லிலேயே வரிசையாக அடுக்கி, 1972இல் நூலாக்கினார்.

2024இல் அர்ஜென்டினாவின் சாந்தா குரூஸ் மாகாணத்திலிருந்து செய்தி வந்தது. டைனோசர் தேடிச் சென்ற குழுவுக்குக் கிடைத்த கல்லில், சுமார் 16 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தலைப்பிரட்டை. நோட்டோபட்ராகஸ் டெஜுஸ்தோய் என்ற, ஏற்கெனவே எலும்பால் நன்கு அறியப்பட்ட தவளையின் பிள்ளை. வயது சுமார் 16.1 கோடி ஆண்டு. கண்ணும் நரம்பும்கூடப் பதிந்திருந்தன. செவுள் எலும்பமைப்பு இன்றைய வடிகட்டி உண்ணும் தலைப்பிரட்டைகளுடையதைப் போலவே இருந்தது. இன்று வாழும் தவளைக் குலங்களெல்லாம் கிளைப்பதற்கு முன்பே பிரிந்த ஓர் உறவிலும், நீரில் ஒரு வாழ்வு, நிலத்தில் ஒரு வாழ்வு என்ற இரட்டை முறை முழுமையாக இருந்தது என்பது இதனால் உறுதியாயிற்று.

அவ்வளவு பழைய பருவத்தையும் சில தவளைகள் கைவிட்டிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளும் இலங்கையின் அவற்றின் உறவுகளும் ஈரமண்ணிலோ இலையிலோ முட்டையிடும். முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வரும். அந்த இந்தியப் பேரினத்தின் பெயர் ராவோர்கெஸ்டெஸ். பெங்களூரின் தவளை ஆய்வு முன்னோடி சி.ஆர். நாராயண ராவின் நினைவாக வைக்கப்பட்டது.

அதே நாராயண ராவும் நெல்சன் அன்னண்டேலும் 1917இல் மேற்கு மலைகளின் வேகமான ஓடையில், வாயை உறிஞ்சியாக்கிப் பாறையைப் பற்றிக்கொண்டிருந்த ஒரு விநோதத் தலைப்பிரட்டையை விவரித்திருந்தார்கள். அது யாருடைய பிள்ளை என்று அப்போது தெரியவில்லை. 86 ஆண்டுகள் கழித்து வெளிப்பட்ட ஊதா நிற நாசிகாபட்ராகஸ்தான் அதன் தாய்க்குலம். உலகை வியக்கவைத்த தவளையின் பிள்ளை, தவளைக்கு முன்பே ஏட்டில் ஏறியிருந்தது. மண்ணுக்குள் மறையும் பெற்றோரை எவரும் காணவில்லை. ஓடையில் மாதக்கணக்கில் பாறையைப் பற்றியிருந்த பிள்ளை கண்ணில் பட்டது. மூன்றாம் சாட்சியைப் புறக்கணித்தால் எவ்வளவு காலம் இழக்கிறோம் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

நம்மால் ஆகக்கூடியது

தமிழ்நாட்டில் எலும்புச் சாட்சியைத் தேட வேண்டிய இடம் ஜவ்வாது அன்று, அரியலூர். அங்குள்ள கல்லமேடு படிவு, டைனோசர் காலத்தின் இறுதியில் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மண். 2001இல் கூர்மாடெமிஸ் என்ற ஆமையும், 2013இல் ட்ரூடான் வகை டைனோசரின் பல் ஒன்றும் அங்கிருந்து விவரிக்கப்பட்டன. ஒற்றைச் சிறு பல் தங்கியிருக்கும் மண்ணில் தவளையின் இடுப்பெலும்பும் தங்கியிருக்கலாம். மூட்டை மூட்டையாக மண் அலசும் பொறுமைதான் தேவை.

ஜவ்வாது செய்யக்கூடியது வேறு. அதன் பாறை ஊமையாக இருந்தாலும் குட்டைகளும் ஓடைகளும் பேசுகின்றன. தலைப்பிரட்டையைப் பார்க்கச் சுரங்கம் வேண்டாம், பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு வெள்ளைக் கிண்ணம், ஒரு கைலென்ஸ், மழைக்காலம் முழுவதும் ஒரே குட்டைக்குத் திரும்பத் திரும்பப் போகும் கால்கள் போதும். துளை எந்தப் பக்கம், அலகு உண்டா, பல்வரிசை எத்தனை, எந்த மழைக்குப் பின் வந்தது, எத்தனை நாளில் கால் முளைத்தது என்று மலையூர்ப் பள்ளிப் பிள்ளைகளே குறித்து வைக்கலாம். உழவர்களுக்குத் தெரிந்த தவளைப் பெயர்களையும் அதோடு சேர்த்து எழுதலாம். தேரை என்ற ஒரு சொல் சில ஊர்களில் சுவரில் ஒட்டும் மரத்தவளையையும் சில ஊர்களில் சொறித்தவளையையும் குறிக்கிறது. மண்ணுக்குள் புதைந்து வாழும் தவளைக்கு நுணல் என்ற பழஞ்சொல் இருக்கிறது. உற்றுப் பார்த்த கண்கள் இந்த மண்ணில் எப்போதும் இருந்தன என்பதற்கு அந்தச் சொற்களே சான்று.

ஒரு குட்டை ஒரு மழைக்காலத்துக்கு நீடிக்க வேண்டும். தலைப்பிரட்டை தவளையாக அவ்வளவு காலம் தேவை. ஓரத்தை மண் போட்டு மூடினாலோ, பூச்சிமருந்து கலந்த நீர் வந்து சேர்ந்தாலோ அந்த ஆண்டுப் பிள்ளைகள் அனைத்தும் போய்விடும். எரிமலையையும் விண்கல்லையும் தாண்டி வந்த மூன்று குலங்கள் கொல்லை ஓரத்தில் முட்டையிடுகின்றன. பாட்டி சொன்ன தேரைக்குப் படியளப்பவன் யாரோ, இந்தத் தேரைக்கு வேண்டிய நீரை விட்டுவைப்பது நம் கையில் இருக்கிறது.